ஏரியும் மதகும்

ஸ்ரீபெரும்புதூருக்கு வைகறையில் வந்து சேர்வோர் இரு வகையினர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலை நாடி வருவோர் ஒரு வகை. இரவு முறை முடிந்து தொழிற்சாலைப் பேருந்துகளினின்றும் கண் சிவக்க இறங்குவோர் மற்றொரு வகை. முன்னவர் பல நூற்றாண்டுகளாக வருகின்றனர். பின்னவர் வரத் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே ஆகின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகலாயின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரிலேயே கைபேசிகள் உருவாயின. 2010 முதல் ஒரகடமும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகப் படைக்கத் தொடங்கியது. ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பெயர்பெற்ற தொண்டை நாட்டின் இப்பகுதி இன்று உலகச் சந்தைக்குப் பொருள் அனுப்பும் நெடுஞ்சாலையாகிவிட்டது.

இந்நெடுஞ்சாலையில் உருவாகும் ஒரு கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதனுள் பொதிந்திருக்கும் ஒரு கருத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அறிவு ஒருவருக்கே உடைமையாகாமல் எல்லார்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து. கேட்பதற்கு எளிது, ஆராய்ந்தால் அத்துணை எளிதன்று.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியைக் கண்டவர்கள் அறிவார்கள். தறியின்மேல் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். எந்தப் பாவு நூல் எப்பொழுது உயர வேண்டும் என்பதை அத்துளைகளே தீர்மானிக்கின்றன. சேலையை யாரும் கண்டு மகிழலாம்; விலை கொடுத்து உடுத்தலாம். ஆயின் அட்டைக் கோவை கையில் இல்லாதவர் அச்சேலையிலுள்ள மயிலை மீண்டும் நெய்தல் அரிது. அம்மயிலின் கழுத்தைச் சற்றே திருத்தி நெய்தல் அதனினும் அரிது. கணினியை இயக்கும் ஆணைகளின் தொகுதியை மூலநிரல் என்கிறோம். அது இந்த அட்டைக் கோவையைப் போன்றது. நிறுவனங்கள் சேலையை விற்றன. அட்டையைப் பூட்டி வைத்தன. அவ்வாறு பூட்டுதல் தகாது என்று 1983-இல் ஒருவர் எழுந்தார். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் அவர். யாவரும் படிக்கவும், படியெடுக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்குவேன் என்று அவர் புறப்பட்டார்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1991-ஆம் ஆண்டு நம் வரலாற்றில் மறக்க இயலாதது. அவ்வாண்டு மே 21-ஆம் நாள், தேர்தல் பிரசாரத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் வந்த ராஜீவ் காந்தி கொலையுண்டார். ஜூலையில் இந்திய அரசு தொழில் உரிமக் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் நீக்கியது. இன்றைய தொழிற்சாலை வரிசைக்கு அன்று வழி பிறந்தது. ஆகஸ்டு மாதம், ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் ஓர் இயக்கு நிரலைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். இம்மூன்று நிகழ்ச்சிகளுக்கும் தம்முள் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் பின்னர் ஒரு காலத்தில் இவை ஓரூரில் வந்து கூடின. இன்று உலகில் மிகுதியாக வழங்கும் கைபேசி இயக்கமாகிய ஆண்ட்ராய்டு, லினக்ஸைக் கருவாகக் கொண்டது. மற்றொரு பெருங்குடும்பமாகிய ஐபோனின் அடித்தளத்திலும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் பொதுவில் வழங்கிய நிரலின் பகுதிகள் கலந்துள்ளன.

இக்கொள்கையைக் கேட்டவுடன், இந்த ஊரில் பிறந்த ஒரு பெரியவரின் நினைவு வாராதிருக்குமோ? இராமாநுசர் 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தார் என்பது மரபு. மறைபொருளைக் கேட்டறிய அவர் திருக்கோட்டியூர் நம்பியை நாடிப் பதினெட்டு முறை நடந்தார் என்றும், பிறர்க்கு உரைத்தல் ஆகாது என்னும் ஆணையோடு பெற்ற பொருளை மறுநாளே கோயிலில் பலரும் கேட்க வெளியிட்டார் என்றும் குருபரம்பரை வரலாறுகள் பேசுகின்றன. ஆணை மீறியவர்க்கு நரகம் அன்றோ என்று ஆசிரியர் வினவினார். பலர் உய்ய நான் ஒருவன் நரகம் புகுதல் நன்றே என்ற கருத்துப்பட மாணவர் விடையிறுத்தார். எல்லா நூல்களும் இதனை ஒரே விதமாகச் சொல்லவில்லை. கோபுரத்தின் உச்சியில் ஏறி உரைத்தார் என்பது மக்கள் மனத்தில் நிலைத்துவிட்ட சித்திரம். கல்வெட்டுச் சான்று தேடும் வரலாற்று மாணவன் இதனை மரபுச் செய்தி என்றே குறித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு சமுதாயம் எந்தக் கதையைச் சொல்லி மகிழ்ந்தது என்பதும் வரலாறே.

இராமாநுசர் கொடுத்தார், கொடுத்ததன்மேல் நிபந்தனை வைக்கவில்லை. ஸ்டால்மன் 1989-இல் வகுத்த பொது உரிமமோ ஒரு நிபந்தனையோடு கொடுக்கிறது. பெற்றதை நீ திருத்திப் பிறர்க்கு வழங்குவாயாயின், உன் திருத்தத்தையும் அவ்வாறே திறந்து வழங்குதல் வேண்டும் என்பது அந்நிபந்தனை. ஏன் இது? பொதுவில் வைத்த பொருளை வல்லான் ஒருவன் எடுத்து வேலியிட்டுத் தனதாக்கிக்கொள்ளக் கூடும் என்ற அச்சமே காரணம். நம் நாட்டில் பாரதியாரின் நூல்களை 1949-இல் சென்னை அரசு உரிமை கொண்டு, பின்னர் 1955-இல் மக்கள் அனைவர்க்கும் உரியவை ஆக்கியது. அது நிபந்தனையற்ற கொடை. யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம். பாட்டுக்கு அதுவே பொருத்தம். கோடிக்கணக்கான பொறிகளை இயக்கும் நிரலுக்கு அது போதுமா என்பதில் அறிஞர்க்குள் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. நிபந்தனை வேண்டும் என்பார் பக்கமே என் மனம் சாய்கிறது. அதன் காரணத்தை நம் ஊர் ஏரியைக் கொண்டு சொல்லலாம்.

ஏரி ஊருக்குப் பொது. எனினும் பொது என்று சொல்லிவிட்டால் அதில் நீர் நிற்காது. ஆண்டுதோறும் வண்டல் எடுக்க வேண்டும். கரையை உயர்த்த வேண்டும். வரத்துக்கால் தூர்வார வேண்டும். குடிமராமத்து என்று முன்னோர் அதனைக் கூறினர். திறந்த நிரலுக்கும் மராமத்து வேண்டும். 2021 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் உலகத்துக் கணினித் துறையே நடுங்கியது. லாக்4ஜே என்ற சிறு நிரலில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. எண்ணற்ற நிறுவனங்கள் அதனை இலவசமாக எடுத்துப் பயன்படுத்திவந்தன. காத்துவந்தோரோ ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைத்த ஒரு சிலர். எல்லாரும் நீர் பாய்ச்சிய ஏரிக்குக் கரை காத்தவர் நாலைந்து பேர்! இது ஒரு குறை.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஏரி பொதுவாக இருக்கலாம். மதகின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது? கடைமடைக்காரனுக்கு ஏரியில் உள்ள உரிமை, மதகு திறக்கும் நாளை முடிவு செய்யும் இடத்தில் அவனுக்கு உள்ள உரிமையின் அளவே ஆகும்.

இதனை ஸ்ரீபெரும்புதூர் நேரில் கண்டது. இங்கு முதற்கண் கைபேசி ஆலை நிறுவியது ஃபின்லாந்தின் நோக்கியா. அந்நிறுவனத்தின் உயர்விலைக் கைபேசிகள் பலவற்றை இயக்கியது சிம்பியன் என்னும் நிரல். 2010 பிப்ரவரியில் சிம்பியனின் மூலநிரல் உலகினர் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அறிவுலகம் மகிழ்ந்தது. 2011-இல் நிறுவனம் வேறு வழியில் செல்லத் துணிந்தது. மைக்ரோசாஃப்டின் இயக்கத்தை ஏற்றது. சிம்பியனின் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டது. முன்பு திறந்த நிரலின் படிகள் மறைந்துவிடவில்லை. ஆனால் நீர்வரத்து நின்ற ஏரிபோல் அவை பயனற்றுக் கிடந்தன. 2014 நவம்பர் முதல் நாள் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் மூடப்பட்டது. பல ஆயிரம் இளைஞர்கள் வேலை விட்டு வீடு திரும்பினர். பின்னர் அவ்வாலை வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி மீண்டும் இயங்கலாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். திறந்தபோதும் அவர்களை யாரும் கேட்கவில்லை, சாத்தியபோதும் கேட்கவில்லை. மூலநிரலைப் படிக்கும் உரிமை அவர்களுக்கும் இருந்தது என்று வாதாடலாம். உண்மைதான், ஆனால் அவர்கள் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்த இடம் அதுவன்று.

ஆட்சி முறைகளைத் திறந்து வைத்தல் பற்றி நம் மாவட்டத்திலேயே மிகப் பழைய ஆவணம் ஒன்று இருக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைத்தான் குறிப்பிடுகிறேன். சென்ற ஆண்டு மாணவர் சிலரோடு அங்குச் சென்றிருந்தேன். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட இரு சாசனங்கள் ஊர்ச்சபை கூடிய மண்டபத்தின் சுவரில் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் கூடிய பேரவையில், நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் அக்குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நிறுத்துவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். விரலிடையில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடாது அன்றோ? பின் அவன் பெயரை வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை மீண்டும் வாசிப்பார்கள். இவ்வாறு ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் அமைந்தனர். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் புகாது. அவன் உறவினர் பெயரும் புகாது.

என்னை மிகவும் கவர்ந்தது, சாசனங்கள் இரண்டு என்பதே. 919-இல் விதித்தது குறையுடையதெனக் கண்டு, இரண்டே ஆண்டில் திருத்தினர். வயது வரம்பை முப்பது முதல் அறுபது என்பதினின்றும் முப்பத்தைந்து முதல் எழுபது என மாற்றினர். பழைய விதியைச் செதுக்கி அழிக்கவும் இல்லை. முதற் பதிப்பும் திருத்திய பதிப்பும் ஒருங்கே நிற்கின்றன. எது மாறியது, எப்பொழுது மாறியது என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திறந்த நிரல் எழுதுவோர் இன்று செய்வதும் இதுவே.

மாணவர்க்கு இவ்வளவையும் சொல்லி நான் பெருமிதம் கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, எங்கள் அக்கா கைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் அக்காலத்தில் இருந்திருந்தால் அவள் பெயரும் குடத்தில் இருந்திருக்குமா?”

இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதப் பயிற்சி வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். பெண்களும், உழுதவரும், கரையைக் கட்டிய கூலியாட்களும் குடத்துக்கு வெளியே நின்றனர். சுவர் திறந்திருந்தது, சபை அவர்களுக்கு மூடியிருந்தது. அவள் அக்காவின் பெயர் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஏறுவதற்கு 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 1952-இல் நிறைவுற்ற முதற் பொதுத்தேர்தலும் வர வேண்டியிருந்தன. உத்தரமேரூரைப் போற்றிப் பேசுவோர் பலர் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். போற்றுதலும் வேண்டும்; கடந்துவிடுதல் கூடாது.

இணையத்தின் பிறப்பிலும் உத்தரமேரூரின் நிறையும் குறையும் ஒருங்கே காணப்படுகின்றன. 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் என்ற ஆராய்ச்சி மாணவர், கணினிகளைப் பிணைக்கும் விதிகளைப் பற்றிய முதற் குறிப்பை எழுதினார். ஆணை என்று பெயரிட அஞ்சி, ‘கருத்துரை வேண்டுதல்’ என்று அதற்குப் பெயரிட்டார். அவ்வரிசையில் இன்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. இணையத்தின் விதிகள் பலவும் அவற்றில் அடங்கும். யாரும் காசின்றிப் படிக்கலாம். அவ்விதிகளை வகுக்கும் பொறியாளர் அவையில் உறுப்பினர் சந்தா கிடையாது. வாக்கெடுப்பும் பெரும்பாலும் கிடையாது. உடன்படுவோர் வாய் மூடி ‘ம்’ என்று ஒலி எழுப்புவர். ஒலியின் வலிமையைக் கேட்டுத் தலைவர் அவையின் போக்கை உணர்வார். குடவோலையைக் கண்ட நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் அந்த அவைக்குச் சென்று ‘ம்’ என்று சொல்ல ஆங்கிலம் வேண்டும், ஓய்வு வேண்டும், பயணச் செலவு கொடுக்கும் நிறுவனம் வேண்டும். நம் காலத்துக் கால் வேலி நிலம் இவைதாம்.

ஆயினும் மதகின் திறவுகோலை மக்கள் கேட்டுப் பெற்ற நிகழ்ச்சியும் உண்டு. 2015-இல் ஃபேஸ்புக் நிறுவனம் இந்திய ஏழைகளுக்கு இலவச இணையம் என்ற பெயரில், தான் ஏற்ற சில தளங்களை மட்டும் கட்டணமின்றிக் காட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நீர் இலவசம், மதகு அந்நிறுவனத்தின் கையில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாண்டு இணையச் சமநிலை பற்றிக் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், தளத்துக்குத் தளம் கட்டண வேறுபாடு காட்டுதல் கூடாது என்று ஆணையம் விதித்தது. கேட்டவர்கள் பெரும்பாலும் நகரத்தார், படித்தவர்கள். கேட்டதன் பயன் எல்லார்க்கும் கிடைத்தது.

இனி, அம்மாணவியின் அக்கா வாழும் ஊருக்கு வருவோம். 2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு கைபேசி ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் சிலரைப் பற்றிய செய்தியே கிடைக்கவில்லை. இறந்துவிட்டனர் என்ற வதந்தி வாட்ஸப் வழியே பரவியது. 17-ஆம் நாள் இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். மறுநாளும் போக்குவரத்து நின்றது. உண்மையில் யாரும் இறக்கவில்லை.

இணையம் பொய்யைப் பரப்பியது என்று இந்நிகழ்ச்சியை முடித்துவிடுவோர் உளர். எனக்கு அது பாதி விளக்கமாகவே தோன்றுகிறது. அப்பெண்கள் தம் கையாலேயே கைபேசிகளைப் பூட்டி அனுப்புபவர்கள். அக்கருவியின் உள்ளே உலகம் பொதுவில் வைத்த அறிவு ஓடுகிறது. அதனைக்கொண்டு கண்டம் கடந்து பேசலாம். ஆனால் பக்கத்து அறைத் தோழி எந்த மருத்துவமனையில், எந்நிலையில் இருக்கிறாள் என்பதை அறிய அதனால் இயலவில்லை. அச்செய்தி எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. எவரும் ஐந்து விரலையும் விரித்துப் பெயரை உரக்க வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் வதந்திக்கு இரவு நேரத்தில் அவ்வளவு தூரம் நடக்கக் கால் இருந்திராது. நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் கண்ட மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. மத்தியச் சட்டம் 2005-இல் வந்தது. இரண்டும் அரசு அலுவலகங்களின் கதவைத் தட்ட உதவுவன. தனியார் விடுதியின் கதவு வரை அவற்றின் கை எளிதில் எட்டுவதில்லை.

ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-இல் மீண்டும் திறந்தது. விடுதிகள் ஆய்வுக்கு உள்ளாயின. 2024-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வேறொரு மின்னணுப் பொருள் ஆலையில் தொழிலாளர் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். ஊதியம் ஒரு கோரிக்கை. தம் சங்கத்தை ஏற்று அதனோடு பேச வேண்டும் என்பதே தலையாய கோரிக்கை. 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவாயிற்று.

அன்று உத்தரமேரூரிலிருந்து திரும்பும் வழியில் அம்மாணவி சன்னலோரம் அமர்ந்து, தான் படமெடுத்த கல்வெட்டை அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு அழைத்துச் செல்லும்போது, பேருந்தை முதலில் சுங்குவார்சத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.